எர்த் போட்ட டிராக்டர்

ஆறுமுகசாமி வீட்டில் துணி காயப்போடும் கம்பிக்குக்கூட எர்த் உண்டு. கொல்லையில் கரியும் உப்பும் கொட்டிக் குழாய் புதைத்த குழிகள் வரிசையாக இருக்கும். இரும்புக் கட்டில், கிரைண்டர், கோழிக்கூண்டின் வலை என்று எல்லாவற்றிலிருந்தும் ஒரு செம்புக் கம்பி கிளம்பி அந்தக் குழிகளில் ஏதாவது ஒன்றுக்குள் போய்ச் சேரும். சமையலறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறார். அடுப்புப் பற்றவைக்க உள்ளே போகிறவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் தரைக்கு இறங்கிவிடுமாம். நானே எத்தனையோ முறை தொட்டிருக்கிறேன். அந்த வீட்டுக் காபிக்காக இந்த மரியாதைகூடச் செய்யாமல் இருக்க முடியுமா?

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரியில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த மனிதர். நான் அங்கே ஸ்டோர்ஸில் பேப்பர்க் கட்டையும் ஆணிப் பெட்டியையும் எண்ணிக்கொண்டிருந்தவன். அவரோ உள்ளே, மருந்து இருக்கும் கட்டடங்களில் பாதுகாப்பு பார்த்தவர். ஆணி அடித்த செருப்பு கூடாது, இரும்புச் சுத்தியல் கூடாது, சட்டைப்பையில் தீப்பெட்டியை மறந்து வைத்திருந்தவன் கதி அதோகதி. அங்கே ஒரு பொறி பறக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒரு பொறியும் பறக்கவில்லை. 'சேஃப்டி சாமி' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்த நாங்கள் எல்லோரும் கை, கால், கண்ணோடு பென்ஷன் வாங்குகிறோம் என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொண்டுவிட்டே மேலே சொல்கிறேன்.

தொல்லை என்னவென்றால், சாயங்கால சங்கு ஊதியதும் மற்றவர்கள் வேலையை ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வந்தோம். அவர் வீட்டுக்கு எடுத்துவந்தார். மனைவி உமாமகேஸ்வரி கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் பெரிய பண்ணையம் இருந்த வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் டிராக்டரில் சேற்று வயல் உழுதவர். அதை அவர் சொன்னால், நாங்கள் சாமியண்ணன் என்று கூப்பிடும் நம் மனிதர் சிரிப்பார். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அண்ணி கேட்டபோது, கேத்தி ரோட்டில் எந்தெந்த வளைவில் யார் யார் விழுந்தார்கள் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். தையல் மெஷினுக்கு மோட்டார் வேண்டுமென்றபோது, புடவைத் தலைப்பு மாட்டினால் என்ன ஆகும் என்று நடித்தே காட்டினார். கோபம் எதுவும் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு, அக்கறையாகத்தான் மறுப்பார். அப்படி மறுப்பவரிடம் சண்டை போடுவது எப்படி?

அண்ணி ஒன்றை மட்டும் விடவில்லை. குவார்ட்டர்ஸில் இத்தனை வருஷம் தொட்டியில் கொத்தமல்லி போட்டது போதும், ரிட்டயர் ஆனதும் எனக்குச் சொந்தமாக மண் வேண்டும் என்றார். அதற்காகத்தான் கேத்திப் பள்ளத்தாக்கில் இந்த வீட்டை, ஒட்டிய முப்பது சென்ட் நிலத்தோடு வாங்கினார்கள். கேரட் போடுவது, நடுவில் பூண்டு, ஓரத்தில் பீன்ஸ் என்று அண்ணி குச்சி நட்டு அளந்து வைத்தார். சாமியண்ணன் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்.

"ஆளு வெச்சுக் கொத்தறதெல்லாம் வேண்டாம் உமா. சரிவு நிலம். ஒருத்தன் வழுக்கி உழுந்தா ஆரு பதில் சொல்றது?"

சரி, வாடகைக்குப் பவர் டில்லர் பிடிக்கலாம் என்றால், அதன் கத்திகளுக்குத் தடுப்புத் தகடு இல்லையாம். வாடகைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் குன்னூருக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். பங்களாவின் புல்வெளியை வெட்டுவதற்கென்று எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குட்டி டிராக்டர் ஒன்று ஷெட்டின் மூலையில் கிடந்தது. உயரம் என் இடுப்பு அளவு. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சாமியண்ணன் குனிந்து அடியில் பார்த்தார், சக்கரத்தைத் தட்டினார், தாழ்ந்த வண்டி, கவிழாது என்றார். அவ்வளவுதான். பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம்.

அண்ணி அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்று வண்டிக்குச் சூடம் காட்டப் போனார். பெட்ரோல் டாங்க் இருக்கும் பொருளுக்கு முன்னால் நெருப்பா என்று சாமியண்ணன் தட்டை வாங்கி வைத்துவிட்டார்.

அடுத்த ஒரு வருஷம் ஷெட்டில் அவர் செய்த வேலையைச் சும்மா சொல்லக் கூடாது. துருவைச் சுரண்டி எடுத்தார். கியர் பெட்டியைத் திறந்து கழுவிப் புது ஆயில் ஊற்றினார். தேய்ந்துபோன புஷ்களைக் கடையச் சொல்லி மாற்றினார். முன் அச்சு வளைந்திருந்தது, நிமிர்த்தினார். சீட்டுக்கு ரெக்ஸின் போட்டுத் தைத்தார், பின்னால் சின்னக் கலப்பை ஒன்றைப் பொருத்தினார். பழைய எஞ்சின் மட்டும் வசப்படவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போய், அதற்கு உதிரிபாகம் உலகத்தில் எங்கும் இல்லை. எஞ்சினையே மாற்றுவது என்று முடிவாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் புதிய பெட்ரோல் எஞ்சின் வந்தது. பழையதன் இடத்தில் புதியது உட்காராது. துளை வேறு, உயரம் வேறு. குன்னூர் லேத்துப் பட்டறையில் தகடு வெட்டி, துளை போட்டு உட்காரவைத்தால், பெல்ட் ஒரு விரற்கடை விலகி ஓடியது. எல்லாவற்றையும் கழற்றித் தகடு திணித்து நேராக்கினார். கையால் சுற்றிப் பார்த்தால் பெல்ட் அப்படி வழுக்கிக்கொண்டு ஓடிற்று. அசல் வேலை.

பிறகு அவர் பழக்கம் வெளியே வந்தது. பெல்ட்டுக்கு வலைக்கூண்டு, எஞ்சினுக்கு வலைக்கூண்டு, சைலன்ஸருக்கு வலைக்கூண்டு. வண்டிக்குப் பின்னால் பெட்ரோல் லாரி மாதிரி தரையில் இழுபடும் சங்கிலி. இரும்பு இருந்த இடத்திலெல்லாம் செம்புப் பட்டை வைத்து ஒன்றோடு ஒன்றைப் பிணைத்தார். புதிய எஞ்சினோடு வந்த சிவப்பு ஸ்விட்சைக் கைக்கு எட்டும் இடத்தில் திருகினார்; அப்படியும் எஞ்சினில் ஒரு கறுப்பு வயர் எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அதைவிடப் பெரிய பாவம் உலகத்தில் இல்லை. பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வாஷர் போட்டு, அந்த வயரையும் இறுக்கமாக முடுக்கினார்.

"உமா ஓட்டறதா இருந்தாலும் ஷாக் அடிக்காது பாரு, செல்லதுரை" என்றார் என்னிடம். அண்ணிக்காகத்தான் அத்தனையும் செய்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது. மறுபடி இழுத்தார். மறுபடியும் பெருமூச்சு. பிளக்கைக் கழற்றிச் சோதித்தார், பொறியே இல்லை. வாழ்க்கை முழுவதும் எது வரக் கூடாது என்று காவல் காத்தாரோ, அதற்காக ஷெட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். ஃபிளைவீலைக் கழற்றி மாட்டினார். அந்த வயரை மட்டும் தொடவில்லை. அது சரியாக இருந்ததே!

கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள் என்று நான் சொன்னேன். எஞ்சினோடு வந்த புத்தகத்தையாவது படியுங்கள் என்று அண்ணி சொன்னார். விற்றவன் பேச்சைக் கேட்டுப் பொருளைச் சோதிக்கிற வழக்கம் எங்கள் ஃபேக்டரியில் இல்லை என்று சொல்லி எங்கள் இருவர் வாயையும் அடைத்துவிட்டார்.

இதற்கிடையில் முதல் மழை விதைப்பான கார்போகம் போயிற்று. எதிர்ப்பக்கம் சிவகுருவின் நிலத்தில் கேரட் முளைத்து, வளர்ந்து, கழுவி மூட்டை கட்டி லாரியில் போனது. அண்ணி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த விதைப்பான கடைபோகமும் போயிற்று. விதை டப்பாவின் கெடு முடிந்து தூக்கிப்போட்டார்கள். கேட்டபோதெல்லாம், வண்டி தயாராகத்தானே இருக்கிறது, ஸ்டார்ட் ஆவது ஒன்றுதானே பாக்கி என்பார் சாமியண்ணன். வேலையைச் சுலபமாக்க வந்த வண்டியால் அந்த நிலத்தில் வேலையே நடக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டிருப்பேன்.

மார்கழியில் ஒரு காலை, ஆள் உயரம் வளர்ந்திருந்த புல்லுக்குள் காட்டெருமை ஒன்று நின்றிருந்தது. சாமியண்ணன் வெலவெலத்துப்போனார். அன்று மாலையே சிவகுரு வந்தார்.

"நெலத்த இப்படிப் போட்டு வெச்சா மிருகம் ஊட்டு வாசலுக்கே வந்துருமுங்க. அஞ்சு வருசம் எனக்கு லீசுக்கு உடுங்க. நான் சுத்தமா வெச்சுக்கறனுங்க" என்றார்.

பாதுகாப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அண்ணனுக்கு வேறெதுவும் காதில் விழாது. தலையாட்டிவிட்டார். தை மாதக் கடைசியில் எழுதிக்கொள்வதாகப் பேச்சு. அண்ணி உள்ளே போய்விட்டார். அழுதார் என்று என் மனைவி மகாலட்சுமி சொன்னாள். அறுபதை நெருங்கும் பெண்மணிக்கு அஞ்சு வருஷம் கழித்து என்ன உழவு? அந்த நிலம் அப்போது போனால் போனதுதான். அவருக்கும் அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆனாலும் அண்ணி புல்லை அரிவாளால் அரிந்து சுத்தம் செய்தார். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அண்ணன் அனுமதித்தார். எழுதுவதற்கு முந்தைய நாள் பார்த்தால் நிலத்தில் ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. இனி எதற்கு அண்ணி தண்ணீர் என்று கேட்டேன்.

"அடுத்தவீகளுக்குக் குடுக்கறதா இருந்தாலும் காஞ்ச மண்ணைக் குடுக்கக் கூடாதுங்க தம்பி" என்றார்.

மறுநாள் காலை பத்திரம் வாங்க அண்ணனும் நானும் ஊட்டிக்குப் பஸ் ஏறினோம். அதற்குப் பிறகு நடந்ததை மகாலட்சுமி கூட இருந்து பார்த்திருக்கிறாள். அண்ணி ஷெட்டுக்குப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கோபம் தாங்காமல், எஞ்சின் விற்ற கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டார். திட்டுவதற்காகத்தான் போட்டாராம். எடுத்தவர் சந்துரு என்ற மெக்கானிக்.

"ஏனுங்க, ஓடாத எஞ்சினைக் குடுத்து எங்க பொழப்பைக் கெடுத்துட்டீங்களே, இது நாயமாங்க?" என்று ஆரம்பித்து அண்ணி இரண்டு போகத்துக் கணக்கையும் தீர்த்திருக்கிறார். அவர் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு சந்துரு கேட்டிருக்கிறார்.

"அம்மா, அதுல ஒரு கறுப்பு வயரு தொங்குமுங்களே, அதை எங்கீங்க குடுத்திருக்கறீங்க?"

"பாடியில வெச்சு முடுக்கியிருக்குதுங்க. எர்த்து."

சந்துரு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டாராம்.

"அதைக் கழட்டி உட்டுட்டு இழுங்கம்மா. பாடியில மட்டும் பட்டுறாம பாத்துக்குங்க."

அண்ணி ஸ்பேனர் தேடி, கூண்டைக் கழற்றி, அந்த போல்ட்டைக் கழற்றினார். வயரின் நுனியில் துணியைச் சுற்றினார். கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு.

நாங்கள் மதியம் பத்திரத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கியபோது பள்ளத்தாக்கு முழுக்க ஓர் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சாமியண்ணன் நின்று காது கொடுத்தார். முகத்தைச் சுளித்தார்.

"எவன் ஊட்டு வண்டியோ. இந்த விரட்டு விரட்டறான். கூண்டும் இல்லாம ஒண்ணும் இல்லாம ஓட்டறான் போல. தகடு அதிருது பாரு" என்றார்.

சொந்த எஞ்சினின் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. பாவம், எப்படித் தெரியும்?

திருப்பத்தில் வந்ததும் நிலம் தெரிந்தது. அந்தக் குட்டி டிராக்டரின் மேல், சேலைக்கு மேலே ஸ்வெட்டரும் தலையில் மஃப்ளருமாக அண்ணி உட்கார்ந்திருந்தார். பின்னால் கலப்பை மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது. பாதி நிலம் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. வரப்பு ஓரத்தில் மகாலட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது; பக்கத்தில் இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சாமியண்ணன் ஓடினார். அந்த வயசில், அந்தச் சரிவில், பாதுகாப்பு விதிகள் எதையும் பார்க்காமல் ஓடினார். வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, நிறுத்து, நிறுத்து என்று கையை ஆட்டினார். அண்ணி அவரைப் பார்த்தார். சிவப்பு ஸ்விட்சை அழுத்திக் காட்டினார். எஞ்சின் நிற்கவில்லை, அந்த வயர் வந்து சேராத ஸ்விட்சுக்கு ஏது வேலை? நான் என்னங்க செய்வது என்பதுபோல் கையை விரித்துவிட்டு அடுத்த உழவுச் சாலுக்குத் திருப்பினார். பெட்ரோல் குழாயை மூடினால் எஞ்சின் நின்றுவிடும், சந்துரு அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். முப்பது சென்ட்டும் முடிகிற வரை அண்ணி குழாயை மூடவில்லை. அவர் கூடவே, ஒவ்வொரு சாலுக்கும், அண்ணன் நடந்தார். கையில் பத்திரம் கசங்கிப்போயிருந்தது.

கடைசிச் சால் முடிந்ததும் அண்ணி குழாயை மூடினார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"ஆரு ஸ்டார்ட் பண்ணுனது?" என்றார் அண்ணன். மூச்சு இரைத்தது.

"நாந்தானுங்க."

"எப்படி?"

அண்ணி துணி சுற்றிய வயரைக் காட்டினார். "இது நிறுத்தற வயராமுங்க. பாடியில பட்டா எஞ்சின் நின்னுக்குமாம். ஆனி மாசத்துல இருந்து ஒரு கையில வண்டிய நிறுத்திக்கிட்டே இன்னொரு கையில கயிறு இழுத்திருக்கீங்க."

அண்ணன் குனிந்து வயரைப் பார்த்தார், போல்ட் இருந்த துளையைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"கவிழ்ந்திருந்தா?" என்று மட்டும் கடைசியில் கேட்டார். "உனக்குப் பயமா இல்லியா உமா?"

"எங்கய்யன் ஊட்ட உட்டு வந்ததுல இருந்து பயப்படறதுக்கு எனக்கு முறையே வரலீங்க. எல்லாத்தையும் நீங்களே பட்டுட்டீங்க."

அண்ணி கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் மூன்று பேருக்குமே சங்கடமாக இருந்தது. மகாலட்சுமி என்னை முழங்கையால் இடித்தாள். காபி குடிக்கலாம் வாங்க என்று சொல்லி நாங்கள் இருவரும் நகர்ந்துவிட்டோம்.

சாயங்காலம் சிவகுரு பேனாவோடு வந்தார். உழுத நிலத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கூலி ஆள் கிடைக்காத காலத்தில் தன் நிலத்தையும் அண்ணி ஒரு ஓட்டு ஓட்டித் தர முடியுமா என்று கேட்டார். நல்ல விவசாயி. பேனாவைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் அன்றிரவு சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டுக் காலையில் போனேன். மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார், ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன். ஷெட்டில் இருந்தார். அந்தக் கறுப்பு வயரை அது போக வேண்டிய ஸ்விட்சோடு சேர்த்து முறையாக முடித்திருந்தார். ஸ்டார்ட் செய்தால் ஓடியது, அழுத்தினால் நின்றது. இரண்டையும் எனக்குச் செய்து காட்டும்படி அண்ணியிடம் சொன்னார். அவர் செய்து காட்டிவிட்டு விதை ஊறவைக்கப் போனார்.

வண்டியின் முன்பக்கத்தில் ஒரு தகரம் திருகப்பட்டிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. எங்கள் ஃபேக்டரியில் ஒவ்வொரு மெஷினிலும் அப்படி ஒன்று இருக்கும். யார் ஓட்டலாம் என்று முடிவு செய்து எழுதி வைப்பது அண்ணனின் வேலையாக இருந்தது. ஆளைப் பல மாதம் கவனித்துப் பார்த்துத்தான் எழுதுவார். சிபாரிசுக்கெல்லாம் மசிய மாட்டார். குனிந்து படித்தேன். 'இயக்குபவர்: ஆ. உமாமகேஸ்வரி. மற்றவர் தொடக் கூடாது.'

"அப்போ நீங்க?" என்றேன்.

"நானும் மத்தவந்தானே, செல்லதுரை" என்றார் சாமியண்ணன். அதுவரை வண்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.